கருமுட்டையும் காலக்கெடுவும்

2025 நவம்பரில் ஐதராபாத் ஐ.ஐ.டி. மாணவர்களிடையே பேசிய உபாசனா கொனிடேலா, கருமுட்டைகளை உறையவைத்துச் சேமித்துக்கொள்வதே ஒரு பெண் தனக்குச் செய்துகொள்ளக்கூடிய மிகப்பெரிய இன்சூரன்ஸ் என்றார். எப்போது மணம் புரிவது, எப்போது பிள்ளை பெறுவது என்பதைத் தன் காலில் நிற்கத் தொடங்கியபின் அவளே தீர்மானித்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். இருபதுகளிலேயே மணம் முடித்துப் பிள்ளை பெற்றுவிட வேண்டும், அது சமூகத்துக்கும் மூதாதையருக்கும் ஆற்றவேண்டிய கடமை என்று தாம் சந்திக்கும் இளைஞர்களுக்கு அறிவுரை கூறுவதாக ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு மறுமொழி எழுதினார். அடுத்த சில நாட்களுக்கு எல்லாரும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்றார்கள். உபாசனா மருத்துவமனைகள் நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஆயிற்றே, இது வணிகப் பேச்சல்லவா என்று கேட்டவர்களும் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியோடு விவாதம் நின்றுபோனது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

இரு தரப்பாரும் கருமுட்டையை லாக்கரில் இருக்கும் நகையைப் போலவே பேசினார்கள். ஒருவர் பூட்டி வை என்கிறார். மற்றவர் காலத்தோடு எடுத்துப் போட்டுக்கொள் என்கிறார். லாக்கரின் சாவி யார் கையில் இருக்கிறது, வாடகை என்ன, எத்தனை ஆண்டு கழித்து அதைக் காலி செய்துவிடுவார்கள், திறக்கும்போது உள்ளே வைத்தது அப்படியே இருக்குமா என்பதையெல்லாம் இருவரும் கேட்கவில்லை. என் கட்சி இது: உறைந்த கருமுட்டை பல பத்தாண்டுகள் காத்திருக்கக்கூடியது. காத்திருக்க மறுப்பவை சட்டமும், கல்யாணச் சந்தையும், கைப்பணமும். இம்மூன்றும் சேர்ந்து பெண்ணைத் தவறான வயதில் இந்த மருத்துவத்திடம் கொண்டு சேர்க்கின்றன. அவற்றுள் நம் நாட்டுச் சட்டத்தின் பத்தாண்டுக் கெடு எளிதில் நீக்கக்கூடியது, நீக்கவேண்டியதும்கூட.

முதலில் உடலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. தாயின் கருப்பையில் இருக்கும் பெண்சிசுவுக்கு 20 வாரம் ஆகும்போது அதன் சினைப்பைகளில் 60 முதல் 70 இலட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை 10 முதல் 20 இலட்சமாகக் குறைந்துவிடுகின்றன. பூப்பெய்தும் வயதில் மிஞ்சுபவை மூன்று நான்கு இலட்சம். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுபவை 400, 500தான். ஆணுடல் விந்தணுக்களை நாள்தோறும் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. பெண்ணுடலோ பிறக்கும் முன்பே வாங்கிவந்த முதலைச் செலவழிக்கிறது. இதில் ஒரு வியப்பு உண்டு. நாம் எந்தக் கருமுட்டையிலிருந்து வந்தோமோ அது, நம் அம்மா நம் பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டது. பாட்டியின் வயிற்றில் சில மாதங்கள் நாமும் பாதியாக இருந்திருக்கிறோம் என்று சொன்னால் மிகையில்லை.

அப்படி உருவான கருமுட்டை தன் குரோமோசோம்களைப் பாதியாகப் பிரிக்கும் வேலையைத் தொடங்கி, நடுவழியில் நின்றுவிடுகிறது. அந்த வேலை மீண்டும் தொடர்வது 15 ஆண்டு கழித்தோ 45 ஆண்டு கழித்தோ, அந்த முட்டையின் முறை வரும் மாதத்தில்தான். அதுவரை ஜோடி குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதக் கட்டுகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கின்றன. தளர்ந்த கட்டுகளோடு பிரியும்போது ஒரு பக்கம் ஒன்று கூடிவிடுகிறது, மறுபக்கம் ஒன்று குறைந்துவிடுகிறது. முப்பத்தைந்துக்குப்பின் கருச்சிதைவுகளும் டவுன் நோய்க்குறியும் மிகுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். நாற்பதைத் தாண்டியபின் உருவாகும் கருக்களில் பாதிக்கு மேற்பட்டவை இத்தகைய பிழையுடன் இருக்கின்றன. கருப்பைக்கு இந்த அளவு மூப்பு இல்லை. கொடையாகப் பெற்ற முட்டையைக் கொண்டு கருத்தரிப்பவருக்கு வெற்றி கிட்டுவது பெரிதும் கொடுத்தவளின் வயதைப் பொறுத்தே. 2019 செப்டம்பரில் குண்டூரில் எழுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டி இரட்டைக் குழந்தைகளைப் பெற்றாரே, அது கொடை முட்டையால் நிகழ்ந்தது. (அது நிகழ்ந்திருக்க வேண்டுமா என்பது வேறு விவாதம். வேண்டாம் என்பது என் எண்ணம்.)

ஆகவே இளமையில் முட்டையை எடுத்து வைத்துவிட்டால் மூப்பை ஏய்த்துவிடலாம் என்ற எண்ணம் மருத்துவர்களுக்கு வந்தது இயல்பே. இடையூறாக நின்றது நீர். மனித உடலின் மிகப்பெரிய உயிரணுக்களுள் ஒன்று கருமுட்டை. குறுக்களவு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர். உள்ளே பெரும்பகுதி நீர். உறையும்போது நீர் பனிப்படிகமாகி உள்ளிருந்தே முட்டையைக் கிழித்துவிடும். விந்தணுவையும் கருவையும் உறையவைத்துப் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகும் கருமுட்டை மட்டும் பிடிகொடுக்காமலே இருந்தது. 1986-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கிறிஸ்டோஃபர் சென் என்ற மருத்துவர், உறைந்த முட்டையிலிருந்து இரட்டையர் பிறந்ததை அறிவித்தார். அதன்பின் பத்தாண்டுக்கு அந்த வழியில் பெரிய முன்னேற்றமில்லை. உறைந்து உருகிய முட்டையின் மேலோடு இறுகிப்போய் விந்தணு உட்புக முடியாமல் போவது இன்னொரு சிக்கல். 1997-இல் இத்தாலியின் பொலோன்யா நகரில் எலெயனோரா போர்க்கு, விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையைக் கையாண்டு அதைத் தாண்டினார்.

ஏன் இத்தாலி என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கு கத்தோலிக்கச் சிந்தனையின் செல்வாக்கு பெரிது. கருவைக் குப்பையில் போடுவதும் உறையவைப்பதும் பாவம். 2004-இல் வந்த 40-ஆம் எண் சட்டம் கருவை உறையவைப்பதைத் தடுத்ததோடு, ஒரு முறையில் மூன்று முட்டைகளுக்கு மேல் கருவாக்கக் கூடாது என்றும் விதித்தது. பத்து முட்டைகள் கிடைத்தால் மீதி ஏழை என்ன செய்வது? முட்டையாகவே உறையவைத்தால் சட்டம் கேள்வி கேட்காது. ஆகவே இத்தாலிய மருத்துவர்கள் கருமுட்டையை உறையவைப்பதில் கைதேர்ந்தவர்களானார்கள். கருவைக் காக்க எழுதிய சட்டம், பெண் தனியளாகத் தன் முட்டையைச் சேமிக்கும் வித்தைக்கு உரம் போட்டது. அந்த மூன்று முட்டை வரம்பை 2009-இல் இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியது.

இறுதி விடை ஜப்பானிலிருந்து வந்தது. மசாஷிகே குவாயாமா செம்மைப்படுத்திய முறையில், மெல்லிய இழைத் துண்டு ஒன்றின்மேல் முட்டையை வைத்து நேரே திரவ நைட்ரஜனில் அமிழ்த்துவார்கள். கழிவு 196 பாகை செல்சியஸ். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான பாகை வேகத்தில் வெப்பம் இறங்கும்போது நீருக்குப் படிகமாக அவகாசம் கிடைப்பதில்லை, கண்ணாடியாகி நின்றுவிடுகிறது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012-இல் இம்முறை இனிப் பரிசோதனை நிலையில் இல்லை என்று அறிவித்தபின் உலகெங்கும் கடைகள் திறந்தன. கண்ணாடியான நிலையில் முட்டைக்கு மூப்பு இல்லை. எத்தனை ஆண்டு இருந்தாலும் கெட்டுப்போவதற்கான சான்று இதுவரை கிடைக்கவில்லை. 1992-இல் உறையவைத்த கருக்களிலிருந்து 2022-இல் அமெரிக்காவில் இரட்டையர் பிறந்தார்கள். அவை கருக்கள், முட்டைகள் அல்ல; எனினும் அந்தக் குளிரில் முப்பது ஆண்டு என்பது ஒரு பொருட்டே இல்லை என்பதற்கு அது போதும்.

இங்கு ஓர் இடைச்செருகல். உறைவித்தலின் வரலாற்றை எழுதும்போது கல்கத்தாவைத் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை. லூயிஸ் பிரௌன் பிறந்து பத்தே வாரத்தில், 1978 அக்டோபர் 3 அன்று, அங்கே சுபாஷ் முகோபாத்யாய் தன் சோதனைக்குழாய்க் குழந்தையை அறிவித்தார். துர்க்கா என்று பெயரிட்டு அழைக்கப்பட்ட அந்தக் குழந்தையின் கருவை அவர் 53 நாட்கள் உறைநிலையில் வைத்திருந்தார். இங்கிலாந்தில்கூட அப்போது செய்திராத காரியம். மாநில அரசு அமைத்த விசாரணைக்குழு அவரை நம்பவில்லை. ஜப்பானுக்கு அழைப்பு வந்தது, போக அனுமதி இல்லை. கடைசியில் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19 அன்று தற்கொலை செய்துகொண்டார். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்கு உரியவராகப் போற்றப்பட்டு வந்த டி.சி. ஆனந்த குமார் 1997-இல் முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்துவிட்டு, முதன்மை அவருக்கே உரியது என்று தாமே முன்வந்து எழுதினார். அறிவியல் உலகில் அரிதான பெருந்தன்மை அது. ரமாபத சௌதுரி இந்த வாழ்க்கையை முன்வைத்து ‘அபிமன்யு’ என்ற வங்க நாவலை எழுதினார். தபன் சின்ஹா அதை 1990-இல் ‘ஏக் டாக்டர் கி மௌத்’ என்று இந்தியில் படமாக்கினார். படத்தில் சோதனைக்குழாய்க் குழந்தை தொழுநோய்த் தடுப்பூசியாக மாறிவிட்டது. கருப்பையும் கருவும் திரைக்கு ஏற்காத விஷயங்கள் என்று கருதினார்களோ என்னவோ.

நிற்க. இன்சூரன்ஸ் என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆயுள் காப்பீட்டில் கட்டும் தொகையும் கிடைக்கும் தொகையும் பத்திரத்தில் எழுதியிருக்கும். இதில் கட்டுவது மட்டுமே நிச்சயம். பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஹார்மோன் ஊசி, இடையிடையே ஸ்கேன், பிறகு மயக்கமருந்து கொடுத்து நீண்ட ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுத்தல். சிலருக்கு சினைப்பைகள் அளவுமீறிப் புடைத்து வயிற்றில் நீர் கோத்து மருத்துவமனையில் படுக்கவேண்டி வரும். ஒரு முறைக்கான செலவு நம் ஊரில் ஒரு இலட்சத்தைத் தாண்டும். போதிய முட்டைகள் கிடைக்காவிட்டால் இன்னொரு முறை. ஆண்டுதோறும் சேமிப்பு வாடகை தனி. எடுத்துப் பயன்படுத்தும் நாளில் கருவாக்கிச் செலுத்தும் செலவு அதைவிடப் பெரிது.

கிடைப்பது என்ன? நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனை தன் 15 ஆண்டு அனுபவத்தை 2022-இல் வெளியிட்டது. முட்டைகளைச் சேமித்துப் பின்னர் திரும்பிவந்து பயன்படுத்திய 543 பெண்கள். சேமித்தபோது அவர்களின் சராசரி வயது 38.3. அவர்களில் 39 விழுக்காட்டினருக்குக் குழந்தை பிறந்தது. 38 வயதுக்கு முன் சேமித்து, 20 அல்லது அதற்கு மேற்பட்ட முட்டைகளை உருக்கிப் பயன்படுத்தியவர்களை மட்டும் தனியே பார்த்தால் இது 70 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். பத்தில் நால்வருக்குப் பிள்ளை என்பது முப்பத்தெட்டு வயதில் வந்தவர்களின் கதை. பத்தில் எழுவர் என்பது முன்னரே வந்து நிறையச் சேமித்தவர்களின் கதை. விளம்பரங்களில் நான் காண்பது பெரும்பாலும் இரண்டாவது எண்ணின் சாயல். கட்டணம் செலுத்துவோரில் பெரும்பாலோர் முதல் எண்ணைச் சேர்ந்தவர்கள்.

அப்படியானால் ஏன் முப்பத்தெட்டு வரை காத்திருக்கிறார்கள்? வேலை, பதவி, பேராசை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. 2014-இல் ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் பெண் ஊழியர்களின் முட்டைச் சேமிப்புச் செலவை ஏற்பதாகச் செய்தி வந்தபோது இந்த விடைக்கு முத்திரை விழுந்தது. நிறுவனத்துக்காகப் பிள்ளையை ஒத்திப்போடும் பெண் என்ற சித்திரம் அன்று வந்ததுதான். மானுடவியலாளர் மார்சியா இன்ஹார்ன் முட்டை சேமித்த 150 பெண்களைச் சந்தித்து 2023-இல் ஒரு நூல் எழுதினார். பெரும்பாலோர் சொன்ன காரணம் வேலையில்லை. தகுந்த துணை கிடைக்கவில்லை என்பதே. படித்த, சம்பாதிக்கும் பெண்ணுக்கு இணையாக நின்று குடும்பம் நடத்த முன்வரும் ஆண்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை. 1997-இல் உலக அழகியான டயானா ஹேடன் 34 வயதில் மும்பையில் 16 முட்டைகளைச் சேமித்தார், நாற்பதில் மணந்தார், எட்டாண்டு உறைநிலையில் இருந்த முட்டையிலிருந்து 2016 ஜனவரியில், 42 வயதில், ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். வேலை ஒரு காரணம், மனத்துக்கு உகந்தவருக்காகக் காத்திருந்தது அதனினும் முக்கியமான காரணம் என்றே அவரும் கூறினார்.

நம் வீடுகளில் இதை விளக்கவேண்டியதில்லை. பெண்ணுக்கு முதுநிலைப் பட்டம் இருந்தால் மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் இருக்கவேண்டும். சம்பளமும் உயரமும் அவ்வாறே. பிறகு சாதி, அதற்குள் உட்பிரிவு, பிறகு செவ்வாய் தோஷம். முப்பதைத் தாண்டியவுடன் ‘கொஞ்சம் இறங்கி வரணும்’ என்று தரகர் சொல்கிறார். இந்த வடிகட்டியில் ஆண்டுக்கணக்கில் நின்ற பெண், அந்த வடிகட்டியை ஒருநாளும் கேள்வி கேட்காதவர்களாலேயே, ‘கடமையைத் தள்ளிப்போட்டவள்’ என்று ஏசப்படுகிறாள். வேம்புவின் அறிவுரை ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவாகவே சொல்லப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலத்தின் விலையைக் கொடுப்பது ஒருத்தி மட்டுமே. கடமையைப் பற்றிப் பேசுவோர் மூதாதையரை விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலில் பேசலாம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவர், 35 வயதில் இதற்காக ஒரு மருத்துவமனைக்குப் போனார். வரவேற்பில் இருந்த பெண் படிவத்தில் கணவர் பெயர் கேட்டார். இல்லை என்றதும் ‘அப்ப கல்யாணம் ஆனதும் வாங்க மேடம்’ என்றார். கல்யாணம் ஆகியிருந்தால் நான் ஏன் இங்கு வருகிறேன் என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

*

அந்த வரவேற்புப் பெண்ணுக்குத் தெரியாதது, சட்டம் இதில் அவரைவிடத் தாராளமானது என்பது. 2021-இல் நிறைவேறி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், 21 வயதுக்கு மேற்பட்ட, 50 வயதுக்கு உட்பட்ட எந்தப் பெண்ணையும் மணமானவளா என்று கேட்காமல் ஏற்கிறது. இது சிறிய விஷயமல்ல. சிங்கப்பூரைப் பாருங்கள். நம்மவர் பலர் வாழும் அந்நாட்டில் 2023 ஜூலை முதல் 21 முதல் 37 வயதுவரை உள்ள பெண்கள் மருத்துவக் காரணம் ஏதுமின்றியே முட்டைகளைச் சேமிக்கலாம். ஆனால் சட்டப்படி மணந்த பிறகுதான் அவற்றை எடுத்துப் பயன்படுத்த முடியும். போட்டுவைக்கும்போது உன்னுடையது, எடுக்கும்போது கணவனையும் கூட்டிக்கொண்டு வா என்கிறார்கள். சீனா இன்னும் ஒரு படி மேல். ஷு ஜாவ்ஜாவ் என்ற பெண் 2018-இல், தம் முப்பதாம் வயதில், பெய்ஜிங் மருத்துவமனை ஒன்றில் முட்டைகளைச் சேமிக்கக் கேட்டபோது, மணமாகாதவர் என்று மறுத்துவிட்டார்கள். மணமாகாத ஆண் விந்தணுவைச் சேமிக்க அங்கே தடையில்லை. வழக்குத் தொடுத்தார், 2022-இல் தோற்றார், மேல்முறையீட்டில் 2024 ஆகஸ்டில் முற்றாகத் தோற்றார். ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளும் அவருடைய முட்டைகள் அவர் உடலிலேயே இருந்தன, மூத்துக்கொண்டு.

இவற்றோடு ஒப்பிட நம் சட்டம் மேலானதுதான். அதன் குறை காலக்கெடுவில் இருக்கிறது. கொடையாளரின் முட்டையையும் விந்தணுவையும், உருவான கருவையும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதன்பின் அழியவிட வேண்டும், அல்லது இசைவு பெற்று ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். தன் முட்டையைத் தனக்கென்றே சேமிப்பவளைப் பற்றி அந்த வாசகம் தனித்து எதுவும் சொல்வதில்லை. சட்டம் எழுதியவர்கள் மனத்தில் பிள்ளையில்லாத தம்பதியர் இருந்தார்கள், கொடையாளர் இருந்தார்கள். தனியாக வந்து நிற்கும் ஒருத்தி இல்லை. நடைமுறையில் பத்தாண்டு என்பதே எல்லார்க்கும் பொது வரம்பாகச் சொல்லப்படுகிறது.

இந்தப் பத்தாண்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருத்தி 25 வயதில், முட்டைகள் நன்றாக இருக்கும்போது, சேமிக்கிறாள். 35-இல் கெடு முடிகிறது. அந்த வயதில் பெரும்பாலான பெண்களுக்குச் சேமித்த முட்டை தேவைப்படுவதே இல்லை. தேவைப்படத் தொடங்கும் வயதில் அவை குப்பைக்குப் போயிருக்கும். இன்னொருத்தி 38-இல் சேமிக்கிறாள். அவளுக்கு 48 வரை நேரம் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவை 38 வயது முட்டைகள். ஆக, கெடு யாருக்கு மிகுதியாகப் பயன்படுகிறதோ அவளுக்கு மருத்துவம் குறைவாகப் பயன்படுகிறது. முன்கூட்டி யோசிப்பவளைத் தண்டிக்கும் விதி இது. கெடுவை அறிந்த மருத்துவர் ‘இன்னும் சில ஆண்டு பொறுத்து வா’ என்றுதான் சொல்லமுடியும். அந்தச் சில ஆண்டுகளில்தான் சரிவு வேகமெடுக்கிறது.

பிரிட்டனில் இதே பத்தாண்டு விதி இருந்தது. புற்றுநோய் போன்ற மருத்துவக் காரணத்துக்காகச் சேமித்தால் 55 ஆண்டுவரை, வயதை எண்ணிச் சேமித்தால் பத்தே ஆண்டு. ஒரே நைட்ரஜன் தொட்டி, ஒரே குளிர். பக்கத்துக் குப்பியில் இருக்கும் முட்டைக்கு ஐந்து மடங்கு ஆயுள். காரணம், அதன் உடைமையாளரின் நோய் இரக்கத்துக்குரியது என்று சட்டம் கருதியது. 2022 ஜூலை 1 முதல் அந்தப் பாகுபாட்டை நீக்கி எல்லார்க்கும் 55 ஆண்டுகள் என்றார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை இசைவைப் புதுப்பிக்கவேண்டும், அவ்வளவே. நாம் 2021-இல், அதாவது பிரிட்டன் அந்த விதியைக் கைவிட்டுக்கொண்டிருந்த வேளையில், பத்து என்ற எண்ணை எழுதிவைத்தோம்.

குழந்தையின் நலன் கருதி ஒரு வரம்பு வேண்டாமா என்றால், வேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறது: ஐம்பது வயது. பிந்திய கர்ப்பத்தின் அபாயங்கள் கற்பனையல்ல. முட்டை இளமையாக இருந்தாலும் சுமப்பது நாற்பத்தைந்து வயது இதயமும் இரத்தக் குழாய்களும். இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, குறைப்பிரசவம், அறுவைப் பிரசவம் எல்லாம் வயதோடு கூடுகின்றன. உறைவித்தல் இவற்றில் எதையும் மாற்றுவதில்லை. சேமிப்பவளிடம் இதை முதல்நாளே சொல்லவேண்டும். பள்ளி ஆண்டுவிழாவில் தாத்தா பாட்டி என்று அழைக்கப்படும் பெற்றோரின் சங்கடமும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஐம்பது வயது வரம்பே அதைக் காக்கும்போது, அதற்கு மேல் பத்தாண்டுக் கெடு எதைக் காக்கிறது? ஐம்பதுக்கு உட்பட்டவள் தன் 28 வயது முட்டையைப் பயன்படுத்துவதைத் தடுத்து, 40 வயது முட்டையைப் பயன்படுத்த விடுவதில் எந்தக் குழந்தையின் நலன் இருக்கிறது?

கெடுவை நீக்கினால் மருத்துவ வணிகர்கள் கல்லூரி வாசலிலேயே கடை விரிப்பார்கள் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இளமையில் சேமிப்பவர்களில் மிகப்பலர் அந்த முட்டைகளைத் தேடி வருவதே இல்லை. இயல்பாகவே பிள்ளை பெற்றுவிடுவார்கள், அல்லது வேண்டாம் என்று முடிவு செய்வார்கள். அதுவரை வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டியும் என்றும் நிற்பதல்ல. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு தொட்டி வெப்பமேறி 4000-க்கு மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் அழிந்தன. அதே நாட்களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இன்னொரு தொட்டி. இந்த அச்சங்களுக்கு விடை வெளிப்படைத்தன்மையில் இருக்கிறது. பிரிட்டனில் கண்காணிப்பு ஆணையம் ஒவ்வொரு மருத்துவமனையின் வெற்றி விகிதத்தையும் யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. இங்கும் ஒவ்வொரு நிலையமும், எந்த வயதில் எத்தனை முட்டை சேமித்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்று ஆண்டுதோறும் எழுதி வாசலில் ஒட்டட்டும். அந்தத் தாளை ஒட்டிய பிறகு இன்சூரன்ஸ் என்ற சொல்லைப் பயன்படுத்துவது யாருக்கும் கடினமாக இருக்கும்.

இது இலட்சங்கள் உள்ளவர்களின் கவலை என்று இடதுசாரி நண்பர் ஒருவர் சொன்னார். இன்றைக்கு உண்மை. தோக்கியோ பெருநகர அரசு 2023-இல், 18 முதல் 39 வயதுப் பெண்களுக்கு மூன்று இலட்சம் யென் வரை இதற்காக மானியம் தரத் தொடங்கியது. பிள்ளைகள் குறைந்துபோன நகரத்தின் கணக்கு அது. நமக்கு அது பொருந்துமா என்பது ஐயமே. ஆனால் கீமோதெரபிக்கு முன் முட்டைகளைச் சேமிக்கவேண்டிய இளம்பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலாவது இதை இலவசமாகச் செய்யவேண்டும் என்று கேட்பதில் ஐயம் ஏதுமில்லை. அதில் ஏழை பணக்காரர் இல்லை, தள்ளிப்போட அவகாசமும் இல்லை. சிகிச்சை தொடங்க இரண்டு வாரம்தான் இருக்கும். இருபத்துமூன்று வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டு சேமித்தவள் முற்றும் குணமாகி மணம் முடிக்கும்போது முப்பத்துநான்கு ஆகியிருந்தால், பத்தாண்டு வரம்பு அவளையும்தான் நிறுத்தும்.

டயானா ஹேடன் தாயான செய்தி 2016 ஜனவரியில் எல்லா நாளேடுகளிலும் வந்தது. அதைப் படித்துவிட்டு அந்த ஆண்டிலேயே இந்திய நகரங்களில் முட்டைகளைச் சேமித்த பெண்களுக்கு 2026-இல் பத்து ஆண்டு நிறைகிறது. அன்று முப்பத்திரண்டாக இருந்தவளுக்கு நாற்பத்திரண்டு. டயானாவுக்குக் குழந்தை பிறந்த வயது.